தொடக்கூடாத குமிழ்

ஒரு மனிதர் எப்படிப்பட்டவர் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் வழக்கம் மின்னமைதி நிலையத்தில் கிடையாது. அங்கே ஒரு கண்ணாடிக் குடுவையைத்தான் கேட்பார்கள்.

அந்தக் குடுவையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்து அறிவியல் அறையில், தூசி படிந்த அலமாரியில், உடைந்த தராசுக்குப் பக்கத்தில் இருக்கும். மின்காட்டி என்று பெயர். குடுவையின் தலையில் ஒரு பித்தளைக் குமிழ், குமிழிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் மூச்சுப் பட்டாலே ஆடுகிற இரண்டு தங்க இலைகள். வாத்தியார் ஒரு சீப்பைத் தன் தலையில் நாலு தேய்ப்புத் தேய்த்துக் குமிழில் உரசுவார். சீப்பில் ஏறியிருந்த மின்னூட்டம் உள்ளே இறங்கி, இலைகள் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நிற்கும். பின்பெஞ்சு கைதட்டும். அப்புறம் அவர் விரலால் குமிழைத் தொடுவார். ஏறியதெல்லாம் விரல் வழியாகத் தரைக்குப் போய்விட, இலைகள் பழையபடி ஒட்டிக்கொள்ளும். மணியடிக்கும். உலகம் அத்தோடு விட்டிருந்தால் எனக்கு இந்தக் கதையை எழுதும் வேலை மிச்சமாகியிருக்கும்.

விடவில்லை. ஊரில் ஒரு பெயின்ட் குடோன் எரிந்தது. விசாரணைக் குழு உட்கார்ந்தது. உள்ளே யாரோ சிகரெட் பிடித்ததைப் பார்த்தேன் என்று காவல்காரர் சொன்னார். பிறகு ஒருநாள், தான் அப்படிச் சொல்லவில்லை என்று சொன்னார். அதற்குப் பிறகு அவர் எதுவுமே சொல்லவில்லை. யாரோ ஒருவருடைய உடம்பில் ஏறியிருந்த மின்னூட்டம் பொறியாகப் பாய்ந்துதான் குடோன் எரிந்தது என்று குழு கண்டுபிடித்தது. அந்த யாரோ ஒருவர் யார் என்று தெரியாத காரணத்தால் எல்லோரையும் சோதிப்பதே நியாயம் என்றும் முடிவு செய்தது. அப்படி வந்ததுதான் மின்னமைதி நிலையம். ஊரார் அதை இலை ஆபீஸ் என்பார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள்.

நிலையத்துக்கு ஒரே ஒரு புனித விதி உண்டு. கருவியை யாரும் தொடக்கூடாது. திறப்பு விழாவன்று நிறுவனர் ஒரு கருப்பு ரப்பர்க் கோலைக் கம்பளித் துணியில் தேய்த்துக் குமிழில் வைத்தார். இலைகள் கம்பீரமாக விரிந்தன. கூட்டம் எழுந்து நின்றது. அந்த விரிந்த கோலம் கெடாமல் இருக்கவேண்டும் என்று நிறுவனர் கேட்டுக்கொண்டார். அதிலிருந்து ஒவ்வொரு ஆண்டு விழாவிலும், இலைகள் கொஞ்சம் தளர்ந்ததுபோல் தோன்றும் மற்ற நாட்களிலும், கோலைத் தேய்த்துக் குமிழுக்கு மரியாதை செய்வது சடங்காகிவிட்டது. நடுவே எவரும் விரல் வைத்ததில்லை. ஆகவே இலைகள் எப்போதும் விரிந்தே இருந்தன. கருவிக்கு முன்னால் வந்து நின்றவர்களின் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை பேருக்கு மின்னூட்டம் ஏறியிருக்கிறதே என்று நிலையம் மனப்பூர்வமாக வருத்தப்பட்டுக் கட்டடத்தை இன்னும் இரண்டு மாடி உயர்த்திக் கட்டியது.

அந்த இரண்டு மாடிகளில்தான் மின்னூட்டம் உள்ளவர்களை வைத்திருந்தார்கள். அவர்கள் வெறுங்காலோடு இரும்புத் தகட்டின்மேல் நிற்கவேண்டும். தகட்டிலிருந்து ஒரு சங்கிலி சுவர் வழியாக மண்ணுக்குள் போகும். முதலில் சாதாரணக் கசிவு. அதில் அடங்காதவர்களுக்கு இறுதிக் கசிவு. இறுதிக் கசிவில் என்ன செய்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. முடிந்து வந்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் அவர்கள் பதில் சொல்லும் நிலையில் வருவதில்லை.

துணிக்கடைத் தெருவில் கண்ணாடி வெட்டுகிறவர் ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் சண்டை, மூடினால் முறைப்பு. ஆனால் யார் வீட்டு ஜன்னல் உடைந்தாலும் முதல் ஆளாக ஓடிவருகிறவர். அவரை இலை ஆபீஸ் கொண்டுபோய்த் திருப்பி அனுப்பியது. வந்தவர் கடையில் உட்கார்ந்தார். கூலியைக் குறைத்துக் கொடுத்தால் "பரவாயில்ல" என்றார். கொடுக்காமலே போனாலும் "பரவாயில்ல" என்றார். ஒருநாள் அவருடைய மகள் படியில் உருண்டு விழுந்து தாடை கிழிந்து ரத்தத்தோடு ஓடிவந்தாள். "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைக்காரர்தான் துணியைக் கிழித்துக் கட்டினார்.

அந்தப் பக்கத்துக் கடைக்காரர்தான் நம் ஆள். போர்வையும் கம்பளியும் விற்கிறவர், அதனால் தெருவுக்கு அவர் கம்பளிக்காரர். அவர் மனைவி நாலு தெரு தள்ளி ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். பனிக்காலம் வந்தால் இவர் நாள் முழுக்கக் கம்பளியிலும் அவள் நாள் முழுக்க நைலான் திரைச்சீலையிலும் புரண்டுவிட்டு வீடு வருவார்கள். கதவைத் திறந்து இவர் கைப்பையை அவள் வாங்குவாள். விரல் விரலைத் தொடுமுன் சுள்ளென்று ஒரு பொறி பாயும்.

"அம்மாடி!" என்று கையை உதறுவாள். "கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் கடிக்கிறீங்க."

"நானா கடிச்சேன்? நீதான் கடிச்சே."

"ஆமா, எனக்கு வேற வேலையில்ல பாருங்க."

தினமும் இதே சண்டைதான். இதை முடித்தால்தான் அந்த வீட்டில் விளக்குப் போடுவார்கள். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். அவர்களுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. தாம் செய்துகொண்டிருப்பது தண்டனைக்குரியது என்று இருவருக்கும் தெரியாது.

அந்தப் பனிக்காலத்தில் நிலையத்தார் கையடக்கக் குடுவை ஒன்றைத் தூக்கிக்கொண்டு சலவைக்கடைக்கு வந்தார்கள். உலர்த்தும் எந்திரத்திலிருந்து அப்போதுதான் எடுத்த திரைச்சீலைகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். கீழே வைக்க இடம் கொடுக்காமல் அப்படியே சோதித்தார்கள். இலைகள் விலகின. விலகியதைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். சோதனை அறிக்கையில் சிரிப்பைத் தனியாகக் குறித்துக்கொண்டார்கள்.

கம்பளிக்காரர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். யாரும் திறக்கவில்லை. அவரே திறந்துகொண்டார். இரும்புத் தாழ்ப்பாள் சுள்ளென்று கடித்தது. தாழ்ப்பாளோடு என்ன சண்டை போடமுடியும். இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒரு வாரம் அலைந்து விசாரித்ததில், அவளுக்கு வருகிற திங்கட்கிழமை இறுதிக் கசிவு என்று சொன்னார்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். நல்ல செய்திதானே என்று சலவைக்கடை முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். கம்பளிக்காரருக்குக் கண்ணாடி வெட்டுகிறவரின் ஞாபகம் வந்தது. அடுத்த நாளே, வெள்ளிக்கிழமை காலை, கடையைப் பூட்டிவிட்டு, அவளுக்குப் போர்த்திக்கொள்ள நல்ல கம்பளியாக ஒன்றை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு இலை ஆபீஸுக்குக் கிளம்பினார். திங்கட்கிழமைக்கு முன்னால் அவளை அவளாகவே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நிலையத்தின் தரை அழுக்காகக்கூடாது என்பதற்காகக் கம்பளிக் காலுறை கொடுத்தார்கள். காலுறை வழுக்கும் என்பதால் தரை முழுக்க மெத்தென்று விரிப்பு விரித்திருந்தது. காலைத் தூக்கி வைத்தால் சத்தம் வரும், தேய்த்துத் தேய்த்து நடக்கவும் என்று சுவரில் எழுதியிருந்தது. கம்பளிக்காரர் தேய்த்துத் தேய்த்து நடந்தார். கையிலிருந்த கம்பளியைப் பாதுகாப்புக் கருதி ஒரு சிப்பந்தி வாங்கி வைத்துக்கொண்டார்.

காத்திருப்போர் கூடத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். உட்கார்ந்தவர்கள் நெளிந்துகொண்டிருந்தார்கள். அங்கே ஒருவர் கையில் தட்டோடு சுற்றிவந்தார். தட்டில் சீப்புகள். அதுதான் அவருடைய முழுநேர வேலை. எல்லோரும் அவரைச் சீப்புக்காரர் என்றார்கள். தங்கமான மனிதர்.

"என்னங்க, யாரைப் பாக்க வந்தீங்க?"

"என் வீட்டுக்காரியக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேங்க."

"எல்லாரும் அதுக்குத்தாங்க வர்றாங்க. முதல்ல தலையை வாரிக்குங்க. ஐயா முன்னாடி கலைஞ்ச தலையோட போனா நல்லாவா இருக்கும்?"

கம்பளிக்காரர் வாரிக்கொண்டார். வார வார முடி படியாமல் எழுந்து நின்றது. சீப்புக்காரர் இரக்கத்தோடு பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் அழுத்தி வாருங்க" என்றார்.

முதலில் கூப்பிட்டவர் துணை நோக்குநர். அவர் மேசைக்குப் பின்னால் ஓர் ஆள் காதில் ஒரு பித்தளைக் குழலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் நிலையத்தின் செவியாளர். கட்டடத்துக்குள் எங்கே பொறி பாய்ந்தாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சொல்வது அவர் பொறுப்பு. நிலையத்துக்குள் பொறி பாய்ந்தால் அதில் சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் மேல்மாடிக்குத்தான் என்பது விதி. அதனால் செவியாளரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

"உங்க சம்சாரத்து மேல எங்களுக்கு எந்தப் பகையும் இல்ல" என்றார் துணை நோக்குநர். "அவங்க நல்லா ஒத்துழைக்கிறாங்க. ஆனா பேசுறாங்க. தகட்டுல நிக்கிறப்ப பக்கத்துல இருக்கிறவங்களோட பேசுறாங்க. நேத்து ஒருத்தரைச் சிரிக்க வெச்சுட்டாங்க."

"அவ அப்படித்தாங்க. வாய் சும்மா இருக்காது."

"அதைத்தான் சொல்றேன். எது உரசுதோ அதுல மின்னூட்டம் ஏறும். பேச்சு ஒரு உரசல். சிரிப்பு ஒரு உரசல். ஏன்னு கேக்கிறது இருக்கே, அது பெரிய உரசல். இதெல்லாம் நாங்க கண்டுபிடிச்சது. முன்னாடி கம்பளியும் கண்ணாடியும் மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க."

"ஏங்க..." என்று தொடங்கிய கம்பளிக்காரர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா, உங்களுக்கே புரியுது. திங்கட்கிழமை முடிஞ்சதும் அவங்க உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. எத்தனை ஆம்பளைங்க எங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போறாங்க தெரியுமா?"

கம்பளிக்காரர் நன்றி சொல்லவில்லை. தன்னை எதிர்த்துப் பேசாத ஒருத்தியோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படி ஒருநாளும் அவர் இருந்ததில்லை.

"நான் அதுக்கு முன்னாடியே அவளைக் கூட்டிட்டுப் போகணும்ங்க. வழி இருக்கா?"

வழி இருந்தது. நிலையம் ஒன்றும் இரக்கமில்லாத இடமல்ல. அழைத்துப் போகிறவர் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வதானால் விடுவார்கள். அழைத்துப் போகிறவர் மின்னூட்டம் இல்லாதவராக இருக்கவேண்டும், அவ்வளவுதான். இதுவரை எத்தனை பேர் அப்படி அழைத்துப் போயிருக்கிறார்கள் என்று கம்பளிக்காரர் கேட்டார்.

"வழி இருக்கான்னுதானே கேட்டீங்க" என்றார் துணை நோக்குநர்.

சோதனை அறை கட்டடத்தின் நடுவில் இருந்தது. ஈரம் புகுந்தால் இலைகள் தளர்ந்துவிடும் என்பதால் அறைக்கு ஜன்னல் இல்லை. மழைக்காலம் முழுக்க அறையைப் பூட்டி வைத்துவிடுவார்கள். மழைக்காலத்தில் ஊரில் யாருக்கும் மின்னூட்டம் ஏறுவதில்லை என்பதை ஒருமுறை கவனித்துவிட்டு, குற்றவாளிகள் மழையில் பதுங்கிக்கொள்கிறார்கள் என்று நிலையம் ஒரு ஆய்வு நூல் வெளியிட்டிருந்தது. அறையின் ஒரு பக்கச் சுவரோரமாக, கட்டடத்துக்குத் தண்ணீர் ஏற்றும் தடித்த இரும்புக் குழாய் தரைக்குள் இறங்கியது. அதை எங்கே மாற்றுவது என்று தெரியாமல் பச்சை வண்ணம் பூசி விட்டிருந்தார்கள். குழாய்க்கு ஒரு கை தூரத்தில், வெல்வெட் போர்த்திய மேடையில், குடுவை இருந்தது.

இலைகள் விரிந்திருந்தன. கம்பளிக்காரர் இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

மேடைக்கு அந்தப் பக்கம் தலைமை நோக்குநர் நின்றிருந்தார். வயதானவர், மென்மையான குரல், கையில் ரப்பர் உறை. பார்த்தால் யாருக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

"வாங்க" என்றார். "இலைகளைப் பாருங்க."

"ஐயா, நான் இன்னும் உள்ளேயே வரலையே. அது ஏற்கெனவே விரிஞ்சுதானே இருக்கு?"

"ஆமா. நீங்க வரப்போறீங்கன்னு கருவிக்குத் தெரிஞ்சிருக்கு."

கம்பளிக்காரர் திரும்பித் துணை நோக்குநரைப் பார்த்தார். அவர் முகத்தில் பக்திதான் இருந்தது.

"ஐயா, நான் கொஞ்சம் வெளியே போய் நிக்கிறேன். அப்ப மூடுதான்னு பாருங்களேன்."

"எதுக்கு? நீங்க வெளிய போனா அடுத்தவர் வரப்போறாரு. அவருக்காக விரிஞ்சிருக்கும்." தலைமை நோக்குநர் அன்போடு சிரித்தார். "நான் இங்க வந்த காலத்துல எனக்கும் இந்தச் சந்தேகம் வந்துச்சு. இந்த அறையில நான் மட்டும் தனியா நின்னு பாத்தேன். அப்பவும் விரிஞ்சுதான் இருந்தது. எனக்கு வெடவெடன்னு வந்துடுச்சு. நான் சந்தேகப்பட்டதைக் கருவி கண்டுபிடிச்சிடுச்சேன்னு. அன்னைக்கு விட்டேன் சந்தேகத்தை. மறுவருஷம் என்னைத் தலைமை நோக்குநராக்கிட்டாங்க."

"உங்களை மேல்மாடிக்குக் கொண்டுபோகலையா ஐயா?"

"என்னை யார் கொண்டுபோறது? கொண்டுபோகச் சொல்ற கையெழுத்தே என்னோடதுதான்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு துளி கேலியும் இல்லை. கம்பளிக்காரருக்கு அப்போதுதான் பயம் முழுசாகப் பிடித்தது. பொய் சொல்கிறவனிடம் பேரம் பேசலாம், காலைப் பிடிக்கலாம், காசு கொடுக்கலாம். இந்த மனிதர் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

"ஐயா, திங்கட்கிழமை வேண்டாம்யா. அவ பேசினா பேசிட்டுப் போறா. என்னைத்தானே பேசுறா, ஊரையா பேசுறா? அவளை அப்படியே குடுத்துடுங்க. நான் கடையை மாத்திக்கிறேன், அவ வேலையை விட்டுடட்டும், மண்ணுலயே வெறுங்காலோட நடக்கிறோம்..."

"உணர்ச்சிவசப்படாதீங்க. அது உரசல்."

"அவ இல்லாம வீடு வீடாவே இல்லய்யா!"

தலைமை நோக்குநரின் கையைப் பிடித்துக் கெஞ்ச வேண்டும் என்று முன்னால் பாய்ந்தார். காலில் இருந்தது கம்பளிக் காலுறை, தரையில் இருந்தது மெத்தென்ற விரிப்பு. கால் வழுக்கியது. விழப்போகிறவன் எதையும் பிடிப்பான். அவருடைய இடது கை பச்சைக் குழாயைப் பிடித்துக்கொண்டது. வலது கை பித்தளைக் குமிழின்மேல் போய் உட்கார்ந்தது.

இலைகள் சட்டென்று மூடிக்கொண்டன.

செவியாளர் வாசலில் வந்து நின்று குழலைக் காதிலிருந்து எடுத்தார். துணை நோக்குநர் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த ஒருவரும் இலைகள் மூடிக் கண்டதில்லை. தங்கத்தில் இரண்டு துண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் தொங்கின.

"இலை மூடினா நிலையத்தையும் மூடணும்னு விதியில இருக்கே ஐயா" என்றார் துணை நோக்குநர். அவருக்கு அழுகை வந்துவிட்டது. "ஊர்ல யாருக்குமே மின்னூட்டம் இல்லன்னு ஆயிடுமே."

ஒரு கணம், வாசகரே, எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கலாம். மேல் இரண்டு மாடிகளையும் திறந்துவிட்டு அத்தனை பேரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். எனக்கும் இதைச் சந்தோஷமாக முடித்த பெயர் கிடைத்திருக்கும். ஆனால் தலைமை நோக்குநர் யோசித்தார். படித்தவர்கள் யோசிக்க ஆரம்பித்தால் நான் கதவைத் தாழ்போட்டுக்கொள்வேன்.

"எழுந்திருங்க" என்றார் துணை நோக்குநரிடம். "கருவியில இருந்த மின்னூட்டம் எங்க போச்சு? சும்மா போகாது. யார் தொட்டதும் போச்சோ அவருக்குள்ளதான் போயிருக்கும். இத்தனை வருஷமா, இத்தனை ஆயிரம் பேர்கிட்ட இருந்து கருவி கண்டுபிடிச்ச அத்தனையும் இப்ப இந்த ஒரே ஆளுக்குள்ள இருக்கு."

எல்லோரும் கம்பளிக்காரரை விட்டு விலகி நின்றார்கள்.

"இப்படி ஒரு ஆள் வெளிய நடமாடினா ஊர் தாங்காது" என்றார் தலைமை நோக்குநர். பிறகு உண்மையான நன்றியோடு சொன்னார், "ஆனா பாருங்க, எல்லாத்தையும் ஒரே இடத்துல சேத்துக் குடுத்துட்டீங்க. எங்களுக்கு வேலை மிச்சம். திங்கட்கிழமை உங்களுக்கு வெச்சுக்கலாம்."

கம்பளிக்காரருக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது.

"அப்ப அவளுக்கு இல்லையா?"

அது விதிப்படி பார்க்கவேண்டிய விஷயம். கம்பளிக்காரரை வேறோர் அறைக்குப் போகச் சொல்லிவிட்டு, அவளைக் கீழே கொண்டுவந்து குடுவையின் முன் நிறுத்திச் சோதித்துவிட்டு, அடுத்த அறையில் உட்காரவைத்துவிட்டு வந்தார்கள். தகட்டிலிருந்து வெறுங்காலோடு வந்தவள். இலைகள் அசையவில்லை. மின்னூட்டம் இல்லை என்று எழுதத் துணை நோக்குநருக்குக் கை வரவில்லை, அப்படி அவர் ஒருபோதும் எழுதியதில்லை. எழுதினார். மற்றவர்களையும் கொண்டுவந்து சோதிக்கலாமே என்று யாரோ கேட்டார்கள். ஆபீஸ் நேரம் முடிந்துவிட்டது.

"அப்ப அவ வீட்டுக்குப் போகலாமாங்க?" என்றார் கம்பளிக்காரர்.

"போகலாம்."

"அப்ப சரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் கையை நீட்டினார், விலங்கு ஏதாவது போடுவார்கள் என்று நினைத்து. அவரைத் தொட யாரும் தயாராக இல்லை. நீளமான ஒரு மரக் கம்பால் முதுகில் மெல்லத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மாடிப்படிக்கு ஒரே ஒரு நடைதான். அதில்தான் அவரை உள்ளே கொண்டுபோகவும் அவளை வெளியே அனுப்பவும் வேண்டும். நடை நீளத்துக்கும் கம்பளி விரிப்பு. அவளுக்கும் காலுறை கொடுத்திருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து இவர் தேய்த்துத் தேய்த்து நடந்தார், அந்தக் கோடியிலிருந்து அவள் தேய்த்துத் தேய்த்து வந்தாள். நடுவில் ஒரு முக்காலி போட்டுச் செவியாளர் உட்கார்ந்திருந்தார், குழல் காதில்.

அவளுக்கு விஷயம் எதுவும் தெரியாது. கணவர் வந்து மீட்டுவிட்டார் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். மெலிந்திருந்தாள், ஆனால் கண்ணில் பழைய குறும்பு அப்படியே இருந்தது. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். கிட்டே வரவர முகமெல்லாம் மலர, கையை நீட்டினாள். கைப்பை வாங்குவதற்கு நீட்டுகிற அதே கை.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். விரல் நுனியிலிருந்து என்ன பாயும் என்று உலகத்தில் வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னங்க?" என்றாள் அவள். நீட்டிய கை அப்படியே நின்றது. "என்ன ஆச்சு உங்களுக்கு? நான்தாங்க."

சொல்வதற்கு அவரிடம் நெஞ்சு கொள்ளாமல் இருந்தது. செவியாளரின் குழல் மெதுவாக அவர் பக்கம் திரும்பியது. அந்த இடத்தில் சொன்னால் குற்றமாகாத ஒரே ஒரு வார்த்தைதான் அவருக்குத் தெரியும்.

"பரவாயில்ல" என்றார்.

அவள் முகம் செத்துப்போனது. கண்ணாடி வெட்டுகிறவரை அவளும் பார்த்திருக்கிறாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி, அவரைத் தாண்டிப் போனாள். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவர் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கும்.

மறுநாள் காலையில் நிலையத்தில் அவசரச் சிறப்புச் சடங்கு நடந்தது. கருப்புக் கோலை எடுத்தார்கள். வழக்கமாகத் தேய்க்கிற துணி நைந்துபோயிருந்தது. சிப்பந்தி வாங்கி வைத்த கம்பளி ஞாபகத்துக்கு வந்தது. நல்ல கம்பளி, கடையிலேயே உயர்ந்த ரகம். தலைமை நோக்குநர் அதில் கோலை நன்றாகத் தேய்த்துக் குமிழில் வைத்தார். இலைகள் விரிந்தன. இதுவரை விரிந்ததைவிட அகலமாக விரிந்தன. கூடியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துணை நோக்குநர் குமிழைச் சுற்றி ஒரு கம்பி வேலி போட உத்தரவு வாங்கினார்.

அவள் விஷயத்துக்கு வருகிறேன். முந்தின நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். வழி நெடுக அழுதுகொண்டே போனாள், இரண்டு முறை அவரைத் திட்டவும் செய்தாள். நிலையத்தில் கழற்றிய செருப்பைத் திருப்பிக் கேட்க மறந்து, அதே கம்பளிக் காலுறையோடு பனிக்காற்றில் நடந்திருந்தாள். வாசலில் ஏறித் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

சுள்ளென்று கடித்தது.

"அம்மாடி!" என்று கையை உதறினாள். உதறிய கையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தபடி, வாசலிலேயே நின்றுவிட்டாள். நடை, விரிப்பு, முக்காலியில் இருந்த ஆள், அவர் பின்னால் கட்டிக்கொண்ட இரண்டு கைகள். எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அடக்கமாட்டாமல் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு வேறாகி, கதவில் சாய்ந்து கேவிக் கேவி அழுதாள்.

"பாவி மனுஷா" என்றாள். "அங்கயே என்னைக் கடிச்சிருக்கலாமே."

சனிக்கிழமை விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு புறப்பட்டாள். இறுதிக் கசிவு திங்கட்கிழமைகளில்தான் என்று மேல்மாடியில் கேட்டிருந்தாள்; இன்னும் நேரம் இருக்கிறது. பக்கத்துக் கடையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவரிடம், "அவரைக் கூட்டிட்டு வர்றேண்ணே, கடையைப் பாத்துக்குங்க" என்றாள். அவர் "பரவாயில்ல" என்றார்.

இலை ஆபீஸ் வாசலில் புதுக் காலுறை கொடுத்தார்கள். தேய்த்துத் தேய்த்து நடந்து, கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே எங்கேயோ சடங்கு முடிந்து கைதட்டுகிற சத்தம் கேட்டது. சீப்புக்காரர் தட்டோடு வந்தார்.

"யாரைப் பாக்க வந்தீங்கம்மா?"

"என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"எல்லாரும் அதுக்குத்தாம்மா வர்றாங்க" என்று அவர் ஒரு சீப்பை எடுத்து நீட்டினார். "முதல்ல தலையை வாரிக்குங்க."